பொறுக்கி எடுத்த நண்டுகள்

நண்டுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்யும் என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். காரைக்கால் கல்லூரி ஒன்றின் விலங்கியல் பேராசிரியை சந்திரலேகா அதைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். கோழி, கெண்டை, மட்டி, நண்டு என்று ஒவ்வொன்றின் உடம்பும் கிருமியை எப்படி எதிர்க்கிறது என ஒப்பிடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி.

கடைசியில் நண்டுதான் கைகொடுத்தது. பக்கத்து மீனவ ஊரான கோட்டுச்சேரிமேட்டு நண்டின் ரத்த அணுக்கள், வேறொரு கரையில் மொத்த வியாபாரியிடம் வாங்கிய நண்டினுடையதைவிட வேகமாகக் கிருமியைச் சூழ்ந்துகொண்டன. இந்தக் கரைத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று எழுதினார். பெரிய ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. ஓய்வு பெறுவதற்குள் இதாவது தேறியதே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அல்வாப் பொட்டலத்தோடு, அந்தக் கரையில் வழக்கமாக அவருக்கு நண்டு கொடுக்கும் மீன்காரி அமுதத்திடம் போனார்.

"உன் நண்டு உலகத்துக்கே தெரியப்போவுது, அமுதம்."

"தெரியாமயா? ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துல்ல எடுத்து வைக்கிறேன். துள்ளுறது உங்களுக்கு, சோந்து கெடக்குறது யாவாரிக்கு."

"கைக்கு வந்தத அள்ளிப் போடுன்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க. அதுக்காக டீச்சரம்மாவுக்கு நோஞ்சானப் போட மனசு வருமாங்க?"

சந்திரலேகாவுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீராவது மண்ணாவது! நோஞ்சானையெல்லாம் கழித்துவிட்டு அளந்தால் எந்தக் கரை நண்டும் பயில்வான்தான். அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்குப் போய், ஆய்விதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மறுவாரம் வந்து எல்லாவற்றையும் விளக்கினார். அமுதம் பொறுமையாகத் தலையாட்டிவிட்டுக் கூடையை வாளியில் கவிழ்த்தாள். கவிழ்க்கும்போதே அவளுடைய ஒரு கை, சோர்ந்து கிடந்த நண்டு ஒன்றை ஓரமாகத் தள்ளியது.

"பாத்தியா, மறுபடியும்!"

"கை கேக்க மாட்டேங்குதே, நான் என்னங்க பண்ண?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்கடுத்த முறை சந்திரலேகா அங்கே நிற்கவில்லை. நாலு படகு தள்ளி, தன்னை யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் முழுக் கூடையையும் அப்படியே வாளியில் கொட்டி வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் அமுதம் நின்றிருந்தாள். வாளியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என் நண்டுல என்னங்க கொற கண்டீங்க?"

"ஒரு கொறையும் இல்ல, அமுதம். அதனாலதான்."

அமுதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.