குண்டு பட்ட இடம்

“இடப்பக்கமாச் சரிச்சுப் புடிங்க தம்பி” என்றார், பள்ளிவாசலில் மய்யத்துக் குளிப்பாட்டும் சிஹாப்தீன் நானா.

முகைதீன் தன் அத்தாவின் உடலைத் தோளோடு அணைத்துச் சரித்தான். நானா தண்ணீர் ஊற்றினார். துணியோடு முதுகில் இறங்கிய அவன் கை, தோள்பட்டைக்குக் கீழே ஒரு குழியில் நின்றது. சுருங்கிப்போன பழைய தழும்பு.

மறுபடி மல்லாத்தியதும் நெஞ்சைப் பார்த்தான். நரைமுடியைத் தவிர ஒன்றுமில்லை.

அத்தா மீரா சாஹிபு பர்மாச் சண்டையில், அடிபட்ட கூட்டாளியைத் தூக்கிவந்து மெடல் வாங்கியவர். ஜப்பான்காரன் குண்டை நெஞ்சில் ஏற்றவர். பென்டில் ஹில் வட்டாரம் முழுக்கத் தெரிந்த கதை. சிட்னி வெயில் நாற்பதைத் தொட்டாலும் பனியனைக் கழற்றமாட்டார். வீரனுக்கு இவ்வளவு வெட்கமா என்று முகைதீனே கேலி செய்திருக்கிறான்.

“மய்யத்தில கண்டத வெளிய கதைக்கப்படா” என்றார் நானா, கற்பூரத் தண்ணீரைக் கலக்கியபடி. “கழுவின தண்ணியோட போகட்டும்.”

சரியான ஆளிடம்தான் சொன்னார். முகைதீனிடம் ரகசியம் சொல்வதும் மளிகைக்கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவதும் ஒன்று. நோட்டீஸாவது மழைக்குக் கிழியும்.

கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தவனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கார் நிறுத்துமிடத்தைச் சுற்றினான். மறுபடி சுற்றினான். காலில் இருந்த செருப்பில் ஒன்று நானாவுடையது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அத்தாவோடு சீட்டாடும் கேதீஸ்வரன் அங்கிள் கறுப்புக் கோட்டோடு வழிமறித்தார்.

“கண்டனீரோ காயத்தை? முதுகில வாங்கினவங்கள் ஆயிரம் பேர் இருப்பினம். நெஞ்சில வாங்கின மனுசன் உம்மட அப்பா! தமிழ்ச் சங்கத்தில பேசப்போறன். சொல்லும், எப்பிடி இருந்தது?”

“அம்மா கார்ல தனியா இருக்காங்க அங்கிள்.”

ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டான். அம்மா நபீசா திரும்பாமலே கேட்டாள்:

“முதுகுல மெதுவாத் தேச்சியா?”

முகைதீன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். நெஞ்சுக் கதையை அத்தாவைவிடச் சத்தமாகச் சொன்னவள் இவள்தான்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“காலமெல்லாம் தைலம் தேச்சவளுக்குத் தெரியாதா? ஒருத்தனக் கையில ஏந்திக்கிட்டு ஓடியாந்தா, முதுகு ஜப்பான்காரனப் பாத்துத்தானே இருக்கும்? அத யாரு கேக்கப்போறா, பயந்து ஓடுனவன்னுருவாங்கன்னாரு.” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “உனக்கும் சொல்லியிருப்பாரு. நீதான் ஓட்டவாயி.”

கண்ணாடியில் தட்டினார் அங்கிள். முகைதீன் இறக்கினான்.

“சொல்லும் தம்பி. எவ்விடத்தில?”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் சங்கமே எழுந்து நிற்கும்; பழைய கதையைவிட இது எவ்வளவோ பெரிய கதை. அம்மா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகைதீன் ஈரக் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்தான்.

அங்கிள் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

ஜனாஸாத் தொழுகைக்குக் கூப்பிட்டார்கள். முகைதீன் இறங்கி நடந்தான். வெள்ளைச் சட்டையின் இடப்பக்கத்தில் ஐந்து விரல்களின் ஈரம் அப்படியே இருந்தது.