மே தினத்துக் குறுணல்

மே முதலாம் தேதி பாரிசில் திறந்த கடை ஒன்றைக் கண்டுபிடிப்பது லேசில்லை. லா சப்பல் தெருவில் அன்று காலை எல்லாக் கடைக்கும் இரும்புக் கதவு இழுத்துவிட்டிருந்தது. மூலைக்கு மூலை வாளியோடு நின்று மே தினத்துக்குக் கொடுக்கிற முகே என்ற வெள்ளை மணிப்பூக்கொத்து விற்கிறவர்கள் மட்டும்தான் நடமாட்டம். கரிகாலன் தன் பலசரக்குக் கடைக் கதவை இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டு, கோட்டும் சூட்டுமாய்க் குனிந்து நின்று, கெதியாய் வாங்கோ என்று இராசேஸ்வரிக்குக் கையைக் காட்டினான். சார்செல் புறநகரில் மச்சானின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. இராசேஸ்வரி கேட்டதற்காகத்தான் வழியில் இறங்கியிருந்தான்.

"குறுணலோ அக்கா? எத்தினையாம் மாடியில கோழி வளக்கிறியள்?"

இராசேஸ்வரிக்கு முகம் சுட்டது. குறுணல் என்கிற அந்த உடைந்த அரிசி அவளுக்கில்லை, சங்கத்துச் சமையலுக்கு.

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பக்கத்துத் தெருவில் முன்பு ஆபிரிக்கத் தொழிலாளரின் விடுதி ஒன்று இருந்தது. தெருக் கூட்டியவர்கள், கொங்கிரீட் குழைத்தவர்கள், மாலியிலும் செனகலிலும் பெண்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள். கீழ்த்தளத்தில் பெரிய குசினி. அதில் அமினாத்தாவும் இன்னும் சில பெண்களும் அண்டா அண்டாவாகச் சமைத்தார்கள். பிறகு விடுதியை இடித்துப் புதிதாய்க் கட்டினார்கள். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு மின்சார அடுப்பு, அடுப்பில் ஒரு முட்டை பொரிக்கலாம். குசினி போய்விட்டது. இந்தச் சமையலும் அதோடு போய்விடக்கூடாதென்று அமினாத்தா சங்கம் தொடங்கி, மூடிக்கிடந்த பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தை நகரசபையிடம் தற்காலிகமாக வாங்கினாள். கோடையோடு தவணை முடிகிறது. அதே மண்டபத்தை யோகா பழக்குகிறவர்களும் கேட்டிருந்தார்கள். சபை உறுப்பினர் தியரி இன்றைக்கு மத்தியானம் சாப்பிட வருகிறார். அவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசினால் குசினி நிலைக்கும். பேசாவிட்டால் அடுப்பிருக்கும் இடத்தில் பாய் விரிப்பார்கள்.

இராசேஸ்வரி வன்னிக்காரி, வந்து அதிக காலமில்லை. காலையில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் கட்டில் விரிப்பாள். பின்னேரம் சங்கத்தில் மரக்கறி வெட்டுவாள், அண்டா தேய்ப்பாள். குசினி போனால் அந்த வேலையும் போகும். வழக்கமாகச் சாமான் வாங்குகிற பெண்ணுக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டதால், ஹோட்டல் லீவான இன்றைக்கு முதன்முதலாக அவளை அனுப்பியிருந்தார்கள். மீனையும் சோற்றையும் ஒன்றாய்ச் சமைக்கிற செபுஜென்தான் விருந்து. அதற்குக் குறுணல் வேணும் என்று அமினாத்தா சொல்லித்தான் விட்டாள்.

ஆனால் விருந்துக்குக் குறுணலா? அவர்கள் வெள்ளிக்கிழமைகளில் அதைச் சமைப்பது இராசேஸ்வரிக்குத் தெரியும். கையில் இல்லாத சனம், பாவம், அதுதான் என்று தனக்குள்ளே முடிவுகட்டி வைத்திருந்தாள்.

"அதை வை. அந்தப் பாசுமதியை இறக்கு," என்றாள்.

"அமினாத்தா குறுணலெண்டு சொன்னவாவெல்லோ?"

"சொன்னவா தான். இல்லாத குறையில சொன்னவா. சபைக்காரர் வந்து குந்தியிருக்க, கோழித்தீனைப் போட்டு அந்த மனுசியின்ர மானத்தை வாங்கச் சொல்லுறியோ?"

கரிகாலன் தோளைக் குலுக்கிவிட்டு, பாசுமதி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கதவை இறக்கிப் பூட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினான். இராசேஸ்வரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். மனம் நிறைந்திருந்தது.

குசினியில் வாசம் தூக்கி அடித்தது. மீனின் வயிற்றில் உள்ளியும் இலையும் இடித்து அடைத்துப் பொரித்தாயிற்று. தக்காளிக் குழம்பில் மரவள்ளி, முட்டைக்கோவா, கத்தரிக்காய் எல்லாம் வெந்து, நம்முடைய கருவாட்டுக்குத் தம்பிபோல ஒரு காய்ந்த மீனும் அதில் கரைந்துகொண்டிருந்தது. இராசேஸ்வரி மரக்கறித் தோலை ஒதுக்கி, தட்டுகளை அடுக்கி முடிக்கையில், அமினாத்தா சோற்றுக்கு நேரமாயிற்றென்று மூட்டையை வெட்டினாள். கையை விட்டு அள்ளினாள். நீட்டு நீட்டாய் வெள்ளை அரிசி.

அவள் அள்ளியதை மெதுவாகத் திரும்பக் கொட்டினாள். குசினியில் நின்ற மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தராய் வேலையை நிறுத்தினார்கள்.

இராசேஸ்வரி தன் அரைகுறைப் பிரெஞ்சில், நல்லது, விலை கூடினது, பெரிய ஆட்களுக்கு, என்று சொல்லிப் பார்த்தாள். அமினாத்தா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேள், ராசி. வெள்ளைக்காரன் இந்தோசீனாவில அரிசி விளைவிச்சான். முழு அரிசி அவன்ர ஊருக்கு. ஆலையில உடைஞ்ச மிச்சத்தைக் கப்பலில ஏத்தி எங்கட கரைக்கு அனுப்பினான். எங்கட பெண்டுகள் அந்த மிச்சத்தில மீனையும் புளியையும் போட்டு, சபையில வைக்கிற சாப்பாடாக்கிப்போட்டாளவை. இண்டைக்கு அதை உலகச் சொத்தெண்டு எழுதி வைச்சிருக்கினம். உடையாத அரிசியில சமைச்சா அது வேற ஆற்றையோ சோறு. குழம்பைக் குடிக்காது, அடியில மொறுமொறெண்டு தீயாது. நான் அந்த மனுசனுக்கு எதைக் காட்டி இடத்தைக் கேக்கிறது?"

இராசேஸ்வரி சுவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்கட ஊரில குறுணல் கோழிக்கு. சண்டைக் காலத்தில எங்களுக்கு. கஞ்சிக்கு வரிசையில நிண்டனாங்கள். அதை உங்கட விருந்துக்குக் கொண்டுவர எனக்குக் கை வரேல்லை, தாந்தி."

தாந்தி என்றுதான் எல்லோரும் அமினாத்தாவைக் கூப்பிடுவார்கள், சின்னம்மா மாதிரி. அவள் இராசேஸ்வரியின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அடித்ததா தடவியதா என்று சொல்லமுடியாத தட்டு.

கரிகாலனின் தொலைபேசி அடித்தபடியே கிடந்தது. சாமத்தியவீட்டுப் பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? ஆபிரிக்கக் கடைத் தெருவுக்கு ஓடிய பெண், அங்கேயும் எல்லாம் பூட்டு என்று மூச்சு வாங்க வந்து நின்றாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இராசேஸ்வரியின் கண் மூலையில் விழுந்தது. அங்கே விடுதிக் குசினியிலிருந்து தூக்கி வந்த உரல் நின்றது. உள்ளியும் மிளகும் இடிக்கிற மர உரல், இடுப்பளவு உயரம், இரண்டு உலக்கை. தினமும் அதைக் கழுவித் துடைக்கிறவள் அவள்தான். இன்றைக்கும் காலையில் உள்ளி இடித்து முடிந்ததும் கழுவி, சன்னல் வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் கடைக்குப் போயிருந்தாள்.

"உடைஞ்சதுதானே வேணும்?" என்றாள். "உடைப்பம்."

அமினாத்தா அவளைப் பார்த்தாள், உரலைப் பார்த்தாள். அடுப்பைக் குறைக்கச் சொல்லிக் கத்தினாள்.

வெளியே கதிரை போட்டிருந்து மீனுக்குக் காத்திருந்த விடுதிக் காலத்துக் கிழட்டு மேசன் டெம்பா, கூட்டாளிகளைக் கூப்பிட்டு உரலைப் பள்ளிக்கூட முற்றத்துக்கு உருட்டினான். இராசேஸ்வரி சேலை இல்லாததால் ஏப்ரனை இறுக்கி முடிந்துகொண்டு ஒரு உலக்கையை எடுத்தாள். அமினாத்தா மற்றதை எடுத்தாள். முதல் போட்டிலேயே இரண்டும் மோதிக்கொண்டன. அமினாத்தா வைதாள். இராசேஸ்வரியும் தமிழில் வைதாள். பிறகு ஒன்று ஏற ஒன்று இறங்கக் கை பழகிவிட்டது. ஒருவர் பாஷை ஒருவருக்குச் சரியாய்த் தெரியாத இரண்டு பேர், ஒரே வேலையை வேறு வேறு கரையில் செய்து வளர்ந்தவர்கள், அதைக் கைதான் முதலில் கண்டுபிடித்தது. அமினாத்தா உலக்கையை மேலே விட்டெறிந்து, அது இறங்குமுன் கையை ஒருதரம் தட்டி, திரும்பப் பிடித்தாள். இராசேஸ்வரிக்குச் சிரிப்பு வந்து தாளம் தப்பியது.

"மாவாக்கிப்போடாதை," என்றாள் அமினாத்தா.

"எனக்குப் படிப்பிக்காதேங்கோ. பழம் பிடிக்கிற மாதிரி மெதுவா இடியுங்கோ."

இடித்ததைத் தட்டத்தில் போட்டுப் புடைத்தாள். மாவு பறந்து, குறுணல் நின்றது. அமினாத்தா ஒரு பிடி அள்ளிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பெண்கள் வரிசையாய் வந்து உலக்கை மாற்றினார்கள். யாரோ பாடத் தொடங்க, சுற்றியிருந்த மாடிவீட்டுச் சன்னல்கள் திறந்தன. இறங்கி வந்தவர்களில் யோகாவுக்கு மண்டபம் கேட்ட பெண்ணும் ஒருத்தி என்று பிறகுதான் தெரிந்தது. அவள் இடித்தபோது ஒரு அரிசி கூட உடையவில்லை.

இதற்குள் தியரி வந்துவிட்டார். மே தின ஊர்வலத்திலிருந்து நேரே வந்தவர், சட்டைப் பையில் முகே பூ. இதென்ன வேலை என்று கேட்டார்.

"இண்டைக்குத் தொழிலாளர் தினம்," என்றான் டெம்பா முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல். "அதுதான் நாங்கள் மட்டும் வேலை செய்யிறம்."

தியரி உலக்கையைக் கேட்டு வாங்கினார். போட்ட போடு உரல் விளிம்பில் விழுந்து, அரிசி அவர் சப்பாத்துக்குள் போனது. அமினாத்தா உலக்கையைப் பறித்து, நீங்கள் பேசுகிற ஆள், போய்ப் பேசுங்கள், இது செய்கிறவர்களுக்கு என்றாள். முற்றமே சிரித்தது. அவரும் சிரித்தார், சப்பாத்தைக் கழற்றித் தட்டியபடி.

சோறு பிந்தித்தான் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை, அரிசியில் எல்லோருடைய கையும் பட்டிருந்தது. சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கை, குழம்பை அடிவரை குடித்தது. பெரிய தட்டங்களைச் சுற்றி ஏழெட்டுப் பேராய் உட்கார்ந்து கையால் தின்றார்கள். பாசுமதி வாசம் எங்கள் சோற்றில் ஏது என்று டெம்பா மூக்கைச் சுழித்தான், சுழித்தபடியே மூன்றாம் தரமும் அள்ளினான். தியரி அண்டாவின் அடியில் பிடித்த தீய்ந்த சோற்றைச் சுரண்டக் கையை நீட்டினார். அமினாத்தா அகப்பையால் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, நல்ல பெரிய துண்டாய்ப் பெயர்த்து இராசேஸ்வரியின் பக்கத்தில் வைத்தாள்.

இராசேஸ்வரி கடித்தாள். நொறுங்கிப் புளித்து இனித்தது. குறுணல்தான், ஆனால் நாக்குக்குச் சண்டைக்கால வரிசையும் தெரியவில்லை, அந்த வெறும் கஞ்சியும் தெரியவில்லை. பாதியை உடைத்துத் தியரிக்குக் கொடுத்தாள். பாவம், பேசவேண்டிய ஆள்.

அவர் பேசினார். மண்டபம் சங்கத்துக்கே என்று அடுத்த கூட்டத்தில் முடிவாயிற்று. யோகாக்காரருக்குச் செவ்வாய்க்கிழமைக் காலைகளை அமினாத்தாவே விட்டுக்கொடுத்தாள், உரலில் கை வைக்கக்கூடாதென்ற பேச்சோடு.

அந்தக் கிழமை கரிகாலனின் கடையில் சரியான சனம். லா கூர்னெவ்விலிருந்தும் சார்செலிலிருந்தும் வந்த குடும்பங்கள் வண்டிலோடு முட்டிக்கொண்டு நின்றன. இராசேஸ்வரி வாசலில் நின்றே கேட்டாள்.

"கரிகாலன், குறுணல் இருக்கோ? இனிக் கிழமைக்குக் கிழமை வேணும்."

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கரிகாலனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னும் கோழி வளக்கிறியளோ அக்கா?"

"ஓம். பெரிய கோழியள். நகரசபையிலயிருந்து வருகினம். நல்லா உடைஞ்சதாப் பாத்து இறக்கு."