ஐந்தாவது குழி

பழங்காசு வியாபாரி பெஸாபி பெட்டியைத் திறந்ததும், விருந்துக்கு வந்திருந்த மிக்காயேல் சங்கத்தார் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு வெல்வெட்டில் ஐந்து குழிகள். நான்கில் மெனெலிக் மன்னர் காலத்து வெள்ளிக் காசுகள், சிங்கம் மேலே தெரியும்படி. எல்லாவற்றிலும் சிறிய ஐந்தாவது குழி காலி.

அந்த நான்கும் வீட்டுக்காரர் தெஸ்ஸெமாவின் தந்தை சேர்த்து வைத்தவை. மனைவியின் வைத்தியத்துக்காகத் தெஸ்ஸெமா வெளியூர் போயிருந்த நேரத்தில், குடிகாரத் தம்பியை வளைத்து, வெறும் பழைய வெள்ளியின் எடை விலைக்கு வாங்கிவிட்டான் பெஸாபி. அதைக்கூடப் பொறுத்திருப்பார். சோற்றுக்கு வழியில்லாமல் விற்றார்கள் என்று மெர்காத்தோ சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தானே, அதைத்தான் மூன்று வருடமாக அவரால் விழுங்க முடியவில்லை.

புனித மிக்காயேல் பெயரில் மாதம் ஒரு வீட்டில் கூடும் சங்க விருந்து, இந்த மாதம் தெஸ்ஸெமா வீட்டில்.

"மேல கை வைக்காதீங்க சாமி, ஓரத்தப் புடிங்க," என்று பாதிரியாரையே தடுத்தான் பெஸாபி. பிறகு தெஸ்ஸெமாவிடம் குழைந்தான். "அண்ணே, அந்தச் சின்னக் காசு உங்ககிட்டதானே இருக்கு? அஞ்சும் சேந்தாத்தான் ஆளு வாங்குவான். விலையச் சொல்லுங்க."

"விலை வேணாம். மத்ததை எப்படி வாங்கினேன்னு இவங்க முன்னாடி சொல்லு. காசத் தர்றேன்."

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குண்ணே..."

"அப்ப சாப்பிட்டுட்டுக் கெளம்பு."

பெஸாபி காலிக் குழியைப் பார்த்தான். "உங்க தம்பிக்குச் சாராயம் ஊத்தித்தான் வாங்கினேன். பட்டினின்னு சொன்னது பொய்."

"சத்தமா."

மறுபடியும் சொன்னான்.

தெஸ்ஸெமா உள்ளே போய் வந்து, காசை அவன் உள்ளங்கையில் வைத்தார். கறுப்புக் கழுத்துக் கயிற்றில் கோத்திருந்தது. சிங்கத்தின் தலை இருந்த இடத்தில் ஓட்டை.

"ஐயோ, தொளை போட்டுட்டீங்களே! இத எவன் வாங்குவான்?"

"எங்க வீட்டுல வெள்ளியக் கழுத்துலதான் போடுவோம். காலையிலதான் தட்டான் தொளைச்சுக் குடுத்தான். தர்றேன்னேன், தந்துட்டேன்."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "அது உங்க அப்பா காசுங்க," என்று உள்ளேயிருந்து மனைவி முனகியது காதில் விழுந்தது. தெஸ்ஸெமா திரும்பவில்லை.

பெஸாபி எழுந்தான்.

"ரொட்டிய இன்னும் ஆசீர்வதிக்கல," என்றார் பாதிரியார். அதற்குமுன் எழுந்து போனால் சங்கத்தையே அவமதித்ததாகும். முகம் கறுத்து உட்கார்ந்தான்.

தெஸ்ஸெமா தானே ஜாடியை எடுத்து, அவன் குவளையில் பார்லிக் கள்ளை விளிம்புவரை ஊற்றினார்.

"நல்லாக் குடி, தம்பி. இந்த வீட்டுல எதுக்கும் பஞ்சமில்ல."