நாற்பது பள்ளிகள், ஒரே புள்ளி

1

ஒரு பள்ளிக்கூடம் இந்தப் பூமியில் எங்கே இருக்கிறது என்ற உண்மையின் விலை: ஒரு தக்காளி சாதப் பொட்டலம், இரண்டு டீ, மூடி இல்லாத பேனா ஒன்று. திருவள்ளூரில் ஆசிரியர்களுக்கு நடந்த வரைபடத் தொழில்நுட்பப் பயிற்சியில் நாற்பது பேருக்கு இந்த விலை கொடுக்கப்பட்டது. நாற்பது உண்மைகளும் வந்து சேர்ந்தன. என்ன, நாற்பதும் ஒரே உண்மை.

சரக்கு என் கைக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஜபீன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. பொன்னேரியில் எங்கள் பாத்திரக் கடைக்கு வந்தவள், ஸ்டூலில் உட்கார்ந்து அதுவரை நடந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "அண்ணே, இத மட்டும் கதையா எழுதிடாத. என் வேலைக்கு வேட்டு வெச்சிடும்" என்றாள். பேரம் பேசிப் பிழைத்த குடும்பத்தில் 'வேண்டாம்' என்பது ஆரம்ப விலைதான். பள்ளியின் பெயரை மட்டும் தள்ளுபடி செய்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'வானத்தில் எங்கோ ஒரு செயற்கைக்கோள், அந்தச் சின்னஞ்சிறு பள்ளியைத் தாயின் கனிவோடு...'

[நிறுத்திவிட்டேன். செயற்கைக்கோளுக்குக் கனிவு கிடையாது. சந்தாதான் உண்டு.]

இரண்டாம் தொடக்கம்: 'வரைபடத்தில் கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் ஒரு சாண். ரயிலில் போனாலோ பேசின் பிரிட்ஜ் வரை போய், வண்டி மாறி, வேப்பம்பட்டு தாண்டி...'

[இது தேறும். ஆனால் வாசலிலேயே மொத்தச் சரக்கையும் கடை விரித்தால் வாசகர் விலை கேட்காமல் போய்விடுவார்.]

மூன்றாவது, நேராக: ஜபீன் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள். ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் பெரிய பள்ளி ஒன்று இருந்தால் சின்னதை அதோடு இணைத்துவிடலாம் என்று மேலிடத்தில் ஒரு திட்டம். அந்தப் பட்டியலில் ஜபீனின் பள்ளியும் இருந்தது. நேர்கோட்டில் பெரிய பள்ளி எண்ணூறு மீட்டர். குறுக்கே ஜி.என்.டி. ரோடு, கன்டெய்னர் லாரிகள் நிற்காமல் ஓடுகிற ரோடு. சுரங்கப்பாதை வழியாகச் சுற்றினால் மூன்று கிலோமீட்டர். மழைக்காலத்தில் அதுவும் குளம்.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சின்னப்பொண்ணு, ஐந்தாம் வகுப்பு சோனியாவின் அம்மா, ஜபீனிடம் சொல்லிவிட்டாள்: "ரோட்டுக்கு அந்தாண்ட ஸ்கூல்னா நான் அனுப்ப மாட்டேன் டீச்சர். ஊட்லயே தம்பியப் பாத்துக்கினு கெடக்கட்டும். படிப்பு போனாலும் புள்ள முழுசா இருக்குமில்ல?"

கதையில் பணயம் இதுதான். இனி நான் சிரித்தாலும் நீங்கள் இதை மறக்கக் கூடாது.

3

பயிற்சி அறை. பயிற்சியாளர் ஸ்டீவன்: கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் ஒப்பந்த ஊழியரின் உற்சாகம். "உங்க ஸ்கூல் மேல ஒரு புள்ளி வைங்க. அதச் சுத்தி ஒரு கிலோமீட்டர் வட்டம். உள்ள ஏரி இருக்கா, பேங்க் இருக்கா, பாருங்க. பசங்களுக்குப் பூகோளம் உயிரோட வரும்!"

உயிரோடு வந்தது ஜபீனின் கணினியில் மட்டும். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் இணையம் கைவிரித்துவிட்டது.

பின்வரிசையிலிருந்து வேப்பம்பட்டு கோபால் சார் குனிந்தார். "டீச்சரம்மா, நெட்டு சுத்துது, சுத்துது, சுத்திக்கினே கீது. உங்க ஃபைல போன் குரூப்ல தட்டி உடுங்க. பேர மட்டும் மாத்திக்கிறோம்."

"சார், அது என் ஸ்கூல் இருக்கற எடம்."

"எடத்த எவன் பாக்கப் போறான்? சர்டிஃபிகேட்ல பேரு கரெக்டா இருந்தா போதும். சாயங்கால வண்டிய உட்டா எனுக்கு பேஜாரு."

ஜபீன் தட்டிவிட்டாள். முப்பத்தொன்பது பேரும் பேரை மாற்றி அனுப்பிவிட்டு ரயிலைப் பிடித்தார்கள்.*

(* மாணவன் செய்தால் காப்பி. ஆசிரியர் செய்தால் 'குழுவாகக் கற்றல்'. வித்தியாசம், சான்றிதழில் உள்ள கையெழுத்து.)

4

பயிற்சிக்குப் போட்ட கோலத்தையே மேலிடம் கணக்கில் ஏற்றிக்கொண்டது. வரைபடப்படி, நாற்பது பள்ளிகள் இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக ஜபீனின் வேப்பமரத்தடியில் நிற்கின்றன. பிள்ளைகள் நாலாயிரத்துச் சொச்சம். இணைப்புப் பட்டியல் அடுத்த முறை வந்தபோது அவள் பள்ளிக்கு நேரே ஒரு குறிப்பு: 'நெரிசல் மிகுதி. இணைக்க இயலாது.'

அவள் வாதாடி, மனு எழுதி, ரோட்டைப் படம் பிடித்து அனுப்பியும் நடக்காத காரியத்தை கோபால் சாரின் ரயில் அவசரம் நடத்திவைத்தது.

அப்புறம் ஒரு லாரி வந்தது. பள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில் நாற்பது உலக உருண்டைகள். பத்தொன்பது பிள்ளைகளுக்குத் தலைக்கு இரண்டு உலகம் போக, இரண்டு மிச்சம். "டீச்சர், எல்லாத்துலயும் ஒரே உலகம்தான் கீது" என்று சோனியா புகார் சொன்னாள்.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல நகைச்சுவைக் கதை. ஆனால் கோபால் சார் போன் பண்ணிவிட்டார்.

"டீச்சரம்மா, எங்க ஸ்கூலு எங்க போச்சு?"

"சார்?"

"ரெண்டு ரூமு கேட்டு எழுதினோம். வேப்பம்பட்டுல ஸ்கூலே இல்லன்னு பதில் வந்துகீது! அறநூறு புள்ளைங்க, பாதி வராண்டாவுல குந்திகினு கீதுங்க. நான் இன்னா ஆவியா?"

5

[ஸ்டீவன் மீது எனக்குச் சந்தேகம். வில்லனாகத்தான் அவரை வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு சரக்கு. திருப்பிக் கொடுக்க ரசீதும் இல்லை.]

பிழையைக் கண்டுபிடித்த ஸ்டீவன் ஜபீனின் பள்ளிக்கே வந்தார். வெள்ளிக்கிழமை மாலை வரைபடக் கணக்குப் பூட்டப்படும். அதற்குள் புள்ளிகளைப் பிரித்து வைக்காவிட்டால் அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

"பிரிச்சா எங்க ஸ்கூல மூடிடுவாங்க. எண்ணூறு மீட்டர்தானே சார்," என்றாள் ஜபீன். "வாங்க, அந்தப் பெரிய ஸ்கூலுக்கு ஒருக்கா நடந்துட்டு வரலாம்."

ஜி.என்.டி. ரோட்டோரத்தில் ஸ்டீவன் மூன்று முறை காலை வைத்து மூன்று முறையும் எடுத்தார். சுரங்கப்பாதை வழியாகப் போய்த் திரும்பும்போது பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"மேடம், நடக்கற தூரத்த அளக்கவும் வழி இருக்கு. ஆனா அத ஆபீஸ்ல வாங்கல. வட்டம் மட்டும்தான் வாங்கியிருக்காங்க."

"ரோடு இல்லாத மேப்பா?"

"வெல கம்மி மேடம்."

என் குலத்தொழிலுக்கே அவமானம். நாங்கள் கூட அடி இல்லாத குடத்தை விற்றதில்லை.

6

முடிவு அ: புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போகின்றன. வட்டம் விழுகிறது, ஜபீனின் பள்ளி மூடுகிறது. சோனியா தம்பிக்குச் சோறு ஊட்டுகிறாள். வரைபடம் துல்லியமாக இருக்கிறது.

முடிவு ஆ: எதையும் தொடுவதில்லை. சோனியா படிக்கிறாள். வேப்பம்பட்டு வராண்டாவில் சாரல் அடிக்க, கோபால் சார் ஆவியாகவே பாடம் நடத்துகிறார். ஸ்டீவன் வேலை தேட...

[வாக்கியத்தை முடிக்கவில்லை. அவரும் தேட வேண்டாம்.]

முடிவு இ, இதுதான் நடந்தது, பாதி வரை. ஸ்டீவன் ஆசிரியர் அறையில் கணினியைத் திறந்து, முப்பத்தொன்பது புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அவரவர் ஊரில் இறக்கினார். கடைசியில் ஒன்று மிஞ்சியது. கணினியை ஜபீன் பக்கம் திருப்பினார்.

"ஒங்களது நீங்களே வைங்க மேடம். நான் டீ குடிச்சிட்டு வரேன்."

ஜபீன் எனக்குப் போன் போட்டாள். "அண்ணே, இருக்கற எடத்துல வெச்சா எண்ணூறு மீட்டர்னு சொல்லும். அது பொய். மூணு கிலோமீட்டர் தள்ளி வெச்சா தூரம் சரியாயிடும். ஆனா அது உப்பளம்ணே. அங்க ஸ்கூலு இல்ல. மேப்புல ஊர மாத்திக் குறிச்ச புள்ளைக்கு நான் முட்டை போட்டவ."

"நடுவுல எங்கயாவது வெச்சுப் பாரேன்."

"பேரம் பேசறியா?"

"வேற இன்னா தெரியும் எனக்கு?"

அவள் சிரிக்கவில்லை. பின்னால் மதிய உணவு மணி அடித்தது. தட்டுகளின் சத்தம். "இன்னா சொல்ற? சார் டீ குடிச்சு முடிச்சிடுவாரு."

எந்த விலைக்கும் வாய் திறக்கிற நான், கல்லாச் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன். அவள் போனை வைத்துவிட்டாள். புள்ளியை எங்கே வைத்தாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இன்னும் வரவும் இல்லை.

7

கதையை நான் கொடுத்துவிட்டேன். எழுதியவன் பொறுப்பு கடை வாசல் வரைதான். கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்:

உலக உருண்டை: வரவு நாற்பது. லாரியில் திரும்பியது முப்பத்தொன்பது. மிச்சம் ஒன்று, சோனியாவின் மேசை மேல்.

பள்ளிகள்: நாற்பது. ஊர் போய்ச் சேர்ந்தது முப்பத்தொன்பது.

பிள்ளைகள்: பத்தொன்பது. பத்தொன்பதும் இன்று வரை ரோட்டுக்கு இந்தாண்ட.

புள்ளி: ஒன்று. இப்போது உங்கள் கையில். நிலுவை.