காது மெஷினுக்கு வாங்கிய செல்

அட்டையில் ஐந்து செல் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது.

ஞானபாக்கியம் அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய காது மெஷினுக்குப் போடுகிற செல் அது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், முதுகில் நீலத் தாள் ஒட்டியிருக்கும். தாளை உரித்தால்தான் உயிர் வரும். ஒன்று போட்டால் பன்னிரண்டு நாள் ஓடும். மாற்றுகிற அன்றைக்குக் காலண்டரில் சுழித்து வைப்பது அவள் வழக்கம். திருநெல்வேலியிலிருந்து வரவழைக்க வேண்டிய சாமான் என்பதால் ஒன்றுகூடக் கணக்குத் தப்பாது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். மகள் ஷெர்லின் கல்யாணமாகி நாகர்கோவிலில் இருக்கிறாள். ஆகவே கேட்க வேண்டிய ஆள் ஜெபசிங்தான். தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர்களுக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரை. வாட்சுக்குச் செல் மாற்றுவது, சுவர்க்கடிகாரம் பார்ப்பது, ரிமோட் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. பழைய ஃபிலிம் கேமரா கொண்டுவந்தாலும் பார்ப்பார். அவள் போய்க் கேட்டதும் தலையைத் தூக்காமலே, தான்தான் எடுத்ததாகவும் ஒரு கேமராவுக்கு அளவு பார்க்க வேண்டியிருந்ததாகவும் சொன்னார். யாருடைய கேமரா என்று கேட்டாள். அவர் ஏதோ சொன்னது சரியாக விழவில்லை. திரும்பக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ போ" என்றார்.

யாருடையது என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஒருத்தி, குடையைக் கதவோரம் சாத்திவிட்டுக் கடைக்குள் வந்தாள். பெயர் யோகலட்சுமி. குற்றாலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். வயது நாற்பது இருக்கும். அவள் அப்பா மகாதேவன் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து, போன வருஷம் இறந்தவர். அவருடைய கேமராவும், வெளிச்சத்தை அளக்கிற உள்ளங்கை அகல மீட்டரும் பாகத்தில் அவளுக்கு வந்திருந்தன. இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் ஓடவில்லை. அதற்கு ஏற்ற செல் எங்கேயும் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் ஞானபாக்கியம் திரைக்குப் பின்னால் நின்று, மெஷினின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். மிச்சத்தை ஜெபசிங் அந்த அம்மாளுக்கு விளக்கியதிலிருந்து பிடித்தாள். அந்தக் காலத்தில் இவற்றுக்குப் பாதரச செல் போடுவார்களாம். பாதரசம் விஷம் என்று உலகம் முழுக்க அதை நிறுத்திவிட்டார்களாம். இப்போது கடையில் கிடைக்கிற சாதாச் செல்லில் வோல்ட் கொஞ்சம் கூடுதலாம். அதைப் போட்டால் முள் மிஞ்சி ஏறி, இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகச் சொல்லி, படத்தை இருட்டாக்கிவிடுமாம். காது மெஷின் செல்தான் பழைய அளவுக்குக் கிட்ட வரும். அகலம் மட்டும் பத்தாது. அதற்குச் சுற்றிலும் ஒரு பித்தளை வளையம் கடைந்து போட்டால் போதும்.

ஒரு மணி நேரம் சொன்னார். கையை விரித்துச் சொன்னார். வெற்றுத்தாளில் முள்ளை வரைந்து காட்டினார். நடுவில் என்னமோ சொல்லிச் சிரித்தார், அவளும் சிரித்தாள். டீ சொன்னார். "ஒண்ணு சீனி இல்லாம" என்று அவர் சொன்னது ஞானபாக்கியத்துக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

அன்று இரவு சாப்பிடும்போது அவர் அவளிடம் பேசியவற்றை எண்ணிப் பார்த்தாள். குழம்பு ஊற்று என்றார். மோட்டார் போட்டாயா என்றார். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே எதற்கோ சிரித்தார். என்ன என்று அவள் கேட்டதற்கு ஒண்ணுமில்ல என்றார். காது மந்தமாகி எட்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். அப்புறம் சுருக்கிச் சொன்னார். பிறகு இந்த ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டது. அவளும் அதை வயதான பிறகு எல்லா வீட்டிலும் நடப்பது என்று எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதரிடம் இவ்வளவு பேச்சு மிச்சம் இருக்கிறது என்பது கடை முக்காலியில் ஒருத்தி வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

யோகலட்சுமி வியாழக்கிழமை வந்தாள். சனிக்கிழமை வந்தாள். வியாழன் காலையில் ஜெபசிங் முகச்சவரம் செய்துகொண்டதை ஞானபாக்கியம் கவனித்தாள். சனிக்கிழமை முக்காலியின் மேல் ஒரு சின்ன மெத்தை வந்திருந்தது. முப்பது வருஷமாக அந்த முக்காலியில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் உட்கார்ந்திருக்கிறாள். மெத்தை இல்லை.

வளையங்கள் தயாராகிவிட்டன என்றும், செவ்வாய்க்கிழமை புதுச் செல் போட்டுக் கொடுத்துவிடப் போவதாகவும், முதலில் எடுத்த இரண்டும் அளவு பார்த்ததில் வீணாகிவிட்டதால் ஞானபாக்கியத்தின் அட்டையிலிருந்து இன்னும் இரண்டு வேண்டும் என்றும் ஜெபசிங் சொன்னார். அவளுக்கு வேறு அட்டை வாங்கித் தருவாராம். இதை மட்டும் இரண்டு தடவை, சத்தமாக, தெளிவாகச் சொன்னார்.

திங்கள் மத்தியானம் அவர் படுத்திருந்தபோது ஞானபாக்கியம் அந்தக் காரியத்தைச் செய்தாள். தீர்ந்துபோன செல்களைக் குப்பையில் போடக் கூடாது என்று ஷெர்லின் சொல்லியிருந்ததால் ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த அவற்றில் மூன்றை எடுத்துத் துடைத்தாள். அட்டையிலிருந்த மூன்று புதுச் செல்லின் நீலத் தாளையும் உரித்து, செத்துப்போனவற்றின் முதுகில் ஒட்டி, அட்டையில் பழையபடி பதித்தாள். புதியவற்றைச் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். அந்த அம்மாள் இரண்டு சாமானும் உதவாதென்று எடுத்துக்கொண்டு போகட்டும், அத்தோடு முடியட்டும் என்பதுதான் அவள் போட்ட கணக்கு.

கணக்குத் தப்பியது. ஜெபசிங் செவ்வாய்க்கிழமை செல்லை வோல்ட் மீட்டரில் வைத்துப் பார்த்தபோது கிட்டத்தட்டச் சரியாகவே காட்டியது. வெளிச்ச மீட்டருக்குள் போட்டதும் முள்ளும் எழுந்தது. காய்ந்த செல்லில் அவ்வளவுக்குத்தான் தெம்பு இருந்தது. யோகலட்சுமி குற்றாலம் போய்ச் சேருவதற்குள் முள் படுத்துவிட்டது. மறுநாள் திரும்பி வந்தாள். ஜெபசிங் மிச்சமிருந்த ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதுவும் படுத்தது. மூன்று புதுச் செல்லும் ஒன்றுபோல் கெட்டிருக்கும் என்று யார் நினைப்பார்கள்? கோளாறு உள்ளேதான் என்று முடிவுகட்டி மீட்டரைப் பிரித்துப் பரப்பினார். அந்த வாரம் யோகலட்சுமி மூன்று தடவை வந்தாள். வந்தால் ஒன்றரை மணி நேரம் இருந்தாள். திரைக்குப் பின்னால் நின்றவளுக்கு, தன் கையாலேயே அவளை வண்டி வைத்துக் கூட்டிவந்ததுபோல் ஆகிவிட்டது.

சனிக்கிழமை ஜெபசிங், ஞாயிறு மத்தியானம் குற்றாலத்துக்கே போய் அருவி வெளிச்சத்தில் வைத்து மீட்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். டீச்சரும் அங்கே வந்துவிடுவார் என்றார்.

"நானும் வாறேன்" என்றாள் ஞானபாக்கியம்.

"அங்கன ஒரே கூட்டமா இருக்கும்."

"இருக்கட்டும். நானும் வாறேன்."

கோவிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பஸ் ஏறினார்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமை என்பதால் பேரருவிக்குப் போகிற வழியெல்லாம் ஈரத்துண்டும் எண்ணெய் வாடையும் நேந்திரங்காய் சிப்ஸ் கடையுமாக இருந்தது. யோகலட்சுமி பாலத்தின் பக்கம் காத்திருந்தாள். "அக்காவும் வந்திருக்காங்களா" என்று சந்தோஷமாகத்தான் கேட்டாள். அந்தச் சந்தோஷம் ஞானபாக்கியத்துக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அருவிக்கு நேரே போனதும் மெஷினுக்குள் ஒரே இரைச்சல். தண்ணீர் வேறு தூவானமாக அடித்தது. நனைந்தால் மெஷின் போய்விடும் என்று அவள் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். உலகம் சத்தமில்லாமல் போயிற்று. அது அவளுக்குப் பழக்கம்தான். மற்ற இரண்டு பேருக்கும்தான் பழக்கமில்லை. ஜெபசிங் வாயைத் திறந்து என்னமோ கத்தினார். யோகலட்சுமி காதுக்குப் பின்னால் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினாள். இன்னொரு தடவை கத்தினார். அவள் தப்பாகப் புரிந்துகொண்டு கேமராவை நீட்டினாள்.

ஞானபாக்கியம் குனிந்து, யோகலட்சுமியின் தோளில் தொங்கிய ஜெபசிங்கின் சாமான் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கேட்டது அதைத்தான். எட்டு வருஷமாக அவர் உதட்டைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது எழுத்து மாதிரி ஆகியிருந்தது. இங்கே, இத்தனை ஆயிரம் பேர் நடுவில், அவர் பேசுவது கேட்கிற ஒரே ஆள் அவள்தான். அந்த நினைப்பில் ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. யோகலட்சுமியை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜெபசிங் மீட்டரை அருவிக்கு நேரே பிடித்தார். முள் அசையவில்லை. தட்டினார். மூடியைத் திறந்து, வளையத்தைத் துடைத்து, மறுபடி போட்டார். முகத்தில் தண்ணீர் வழிந்தது. தான் சொல்வது யாருக்கும் கேட்கப்போவதில்லை என்ற தைரியத்தில், குனிந்தபடியே தனக்குத் தானே பேசிக்கொண்டார்.

"வேலை மறந்துபோச்சு. கை போயிட்டு எனக்கு."

ஞானபாக்கியம் அதையும் படித்துவிட்டாள். படிக்காமல் இருந்திருக்கலாம். அவள் அந்த அம்மாளை விரட்ட நினைத்தாள். இந்த மனிதர் தன் கையையே சந்தேகப்படுவார் என்று நினைக்கவில்லை. திருமணமான புதிதில், எறும்புத் தலை அளவு திருகாணியைக் கண்ணாடி போடாமல் எடுத்து மாட்டுகிற கை அது என்று அவள் தன் அக்காமாரிடம் பெருமையடித்திருக்கிறாள்.

கைக்குட்டையைப் பிரித்தாள். மெஷினின் பின்கதவை நகத்தால் திறந்து, நாலு நாளாக ஓடிக்கொண்டிருந்த செல்லை உள்ளங்கையில் தட்டி அவரிடம் நீட்டினாள். அவர் புரியாமல் பார்த்தார். அவளே மீட்டரை வாங்கி, இருந்ததை எடுத்துவிட்டு இதை வளையத்துக்குள் வைத்து மூடினாள். முள் துள்ளி எழுந்து நின்றது.

ஜெபசிங் முள்ளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பழைய செல்லைப் பார்த்தார். அவள் அந்தச் செல்லைத் தொட்டுக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் முகம் மாறியது. யோகலட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று வாயசைத்தாள்.

பஸ்ஸில் அவர் ஜன்னலைப் பார்த்தே வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஞானபாக்கியம் சேலைகளுக்கு அடியிலிருந்த செல்லில் ஒன்றை மெஷினில் போட்டுக்கொண்டு, அவர் எதிரே போய் உட்கார்ந்தாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அவகிட்ட ஒரு மணி நேரம் பேசுதீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தைய ரெண்டு மட்டம் சொல்ல முடியல. எட்டு வருசமா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே போயிட்டு."

"அந்தப் பிள்ளைய நான் அப்படி நெனைக்கலட்டி."

"நெனைச்சீங்கன்னு நானும் சொல்லல. எனக்குச் சேர வேண்டிய பேச்ச எடுத்து அவளுக்குக் கொடுத்துட்டீங்கன்னு சொல்லுதேன்."

அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அவளும் தப்பு தன்னுடையது என்பதால் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து நேர் எதிரே, உதடு தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

"சத்தமா சொன்னா எனக்கே சண்டை போடுத மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாவளோன்னு இருக்கும். அதான் விட்டுட்டேன். தப்புதான்."

"நெனைச்சா நெனைக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டுக் கீரைக்கட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ஆய்ந்து கொடுத்தார். பாதரசத்தைப் பற்றிக் கேட்டாள். அதை முதலிலிருந்து சொன்னார். தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

யோகலட்சுமியிடம் ஜெபசிங், செல்லில்தான் கோளாறு என்று மட்டும் சொன்னார். அவள் ஃபிலிம் போட்டு எடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அந்தச் செல்லின் தாளை உரித்துவிட்டால் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாதம் ஒன்றில் தீர்ந்துவிடும். ஆகவே அவள் வராமல் முடியாது. ஞானபாக்கியம் இதை யோசித்துப் பார்த்து, மூன்று அட்டை செல் அனுப்பச் சொல்லித் திருநெல்வேலிக்கு எழுதிப் போட்டாள். தாளை உரித்துவிட்டு ஐந்து நிமிஷம் காற்றில் வைப்பது, வளையத்துக்குள் இறக்குவது, எந்தப் பக்கம் மேலே வரும் என்பது எல்லாவற்றையும் அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டாள். யோகலட்சுமி வர வேண்டிய நாள் நெருங்கியதும், அந்த ஐந்து நிமிஷத்தையும் முன்கூட்டியே உள்ளே முடித்துவிட்டு, ஸ்கூட்டர் சத்தம் தனக்குக் கேட்காது என்பதால் தெருவைப் பார்த்தபடி கவுண்டரில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஆவணி பிறந்த முதல் வாரம் யோகலட்சுமி வந்தாள். அருவிப் படங்கள் நான்கு கொண்டுவந்திருந்தாள். அண்ணாச்சிக்குக் காட்ட வேண்டும் என்றாள். ஒன்றில் தண்ணீர் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது என்று ஞானபாக்கியம் மனசுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. படங்களை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, கேமராவுக்கும் மீட்டருக்கும் செல் மாற்றி, முள் எழுவதைக் காட்டிக் கையில் கொடுத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி இல்லையாக்கா?"

"உள்ள சாப்பிடுதாவ. என்ன விசயம்னாலும் எங்கிட்டயே சொல்லலாம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."