எண்பது தொட்ட நாள்

பழைய விகிதம் சொல்வது என் வேலை. இன்றைக்கு வெளிநாட்டுக் காசு ஒன்றுக்கு நம் காசு எத்தனை என்று எங்கள் ஆபீஸ் வாசல் பலகையிலேயே எழுதியிருக்கும். அதற்கு நான் தேவையில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் இன்ன தேதியில் எத்தனை என்று கேட்டு வருவார்கள் பாருங்கள், வழக்குக்காரர்கள், வரிக்காரர்கள், பாகம் பிரிக்கிறவர்கள், அவர்களெல்லாம் என் மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். தடித்த பதிவேட்டைப் புரட்டி, எண்ணைப் பார்த்து எழுதி, முத்திரை குத்திக் கொடுப்பேன். விடுமுறை நாளுக்கு மட்டும் தனி விகிதம் கிடையாது. முந்தின வேலை நாளின் விகிதத்தைப் போட்டு, பக்கத்தில் 'விடுமுறை' என்று எழுத வேண்டும். இது புரியாமல் சண்டைக்கு வருகிறவர்களிடம் கத்திக் கத்தியே என் தொண்டை போய்விட்டது.

அப்பா ஒரு வெளிநாட்டில் பதினொரு வருடம் குழாய் பதிக்கும் வேலை பார்த்தார். இங்கே வீடு அடமானத்தில் இருந்தது. சேர்த்து வைத்ததை எண்பதால் பெருக்கினால் கடன் அடையும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். சேமிப்பும் ஏறியது, வட்டியும் ஏறியது, அந்த எண்பது மட்டும் மாறவே இல்லை. "எண்பது தொட்டுச்சுன்னா மறுநாளே பெட்டியக் கட்டிடுவேன்" என்பார்.

அம்மா இறந்த அன்று விகிதம் எழுபத்தாறு. "இப்ப கெளம்பினா திரும்ப வேலைக்குச் சேக்க மாட்டாங்க. எழுபத்தாறுல வந்தா வீடு போயிடும்மா" என்றார். வரவில்லை. அம்மாவை நான் ஒருத்தியாகவே அனுப்பிவைத்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை என்றுதான் சொல்வேன்.

அதுவரை அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தவர், பிறகு தினமும் காலை பதினொரு மணிக்கு என் ஆபீஸ் போனுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்.

"ஆபீசரம்மா, இன்னிக்கு என்ன ரேட்டு?"

எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார், கைபேசிக்குக் கூப்பிடுவார்.

"லீவு நாள்ல ஏதுப்பா ரேட்டு? முந்தின நாள் ரேட்டுதான் செல்லும்னு எத்தன தடவ சொல்றது? ஏம்ப்பா என் உயிர வாங்குறீங்க?"

"மறந்துபோச்சும்மா" என்பார்.

அம்மா போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, ஒரு புதன்கிழமை எண்பது இருபது. பலகை எழுதுகிறவரே இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினார். பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அப்பாவின் குரலில் ஒரு துள்ளல். பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வராத மனுஷன், ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு ஓடி வரப்போகிறாரா?

"எழுபத்தொம்போது நாப்பது" என்றேன். அது முந்தின நாள் விகிதம்.

"சரிம்மா" என்றார்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒரு நாளாவது தவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் எழுபத்தேழுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் எண்பது பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

போன மாதம் திரும்பவும் தொட்டது. அன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன்: "எண்பது பத்துப்பா." "அப்படியா, சரிம்மா" என்றார். மறுநாளும் எண்பதுக்கு மேலேதான். சொன்னேன், மறுபடியும் சரிம்மா. இரண்டு வாரம் இப்படியே போனது. இப்போது என்ன கேடு வந்தது இவருக்கு என்று திரும்பவும் எனக்குத்தான் கோபம். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த வெல்டர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டே விட்டேன்.

"எண்பது தொட்டா வந்துடுவேன்னாரே, ஏங்க வரல?"

"ரெண்டு வருஷம் முன்னாடியே கெளம்பினாரும்மா. தெருமுனையில காசு மாத்துற கடைப் பலகையில எண்பது இருபதுன்னு பாத்துட்டு பெட்டியக் கட்டிட்டாரு. எங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு."

"பலகையில பாத்தாரா?"

"தெனமும் அதப் பாத்துட்டுத்தானேம்மா உங்களுக்குப் போன் போடுவாரு. தெரிஞ்ச ரேட்ட எதுக்குண்ணே காசு செலவு பண்ணிக் கேக்குறீங்கன்னு கிண்டல் பண்ணுவோம். எம்பொண்ணு ஆபீசரு, அவ சொன்னாத்தான் ரேட்டும்பாரு."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"அன்னிக்கு உங்ககிட்ட பேசிட்டு வந்து பெட்டியப் பிரிச்சுட்டாரு. துணியெல்லாம் திரும்பக் கொடியில போட்டாரு. என்னண்ணே ஆச்சுன்னு கேட்டா, அங்க இன்னிக்கு லீவாம், முந்தின நாள் ரேட்டுதான் செல்லுமாம்னாரு."

லீவு நாளில் ஆபீஸ் போனை நான் எப்படி எடுத்திருப்பேன்? அது அப்பாவுக்குத் தெரியாதா?

"போன மாசம் தாண்டினப்பவும் கேட்டேன், கெளம்பலயாண்ணேன்னு. அவ ரேட்ட மட்டும்தான் சொல்றா, வாங்கன்னு சொல்லலியேப்பா அப்படின்னாரு."

வெல்டர் கிளம்பிப் போன பிறகு பெட்டியின் மேல் தலையை வைத்து அழுதேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அழுதேன்.

அப்பாவுக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிட, அவர் இறந்த நாளின் விகிதச் சான்று வேண்டும் என்று கடிதம் வந்தது. அதையும் நான்தான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை, ஆகவே முந்தின வேலை நாளின் விகிதம், எண்பத்தொன்று அறுபது. பக்கத்தில் 'விடுமுறை' என்று எழுதி முத்திரை குத்தினேன்.

பிறகு இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை இறக்கி, அந்தப் புதன்கிழமையைத் தேடினேன். எண்பது இருபது. பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அங்கேயும் 'விடுமுறை' என்று எழுதிவிட்டால் அப்பா சொன்னது உண்மையாகிவிடும் என்று பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை. அன்றைக்கு நாள் முழுக்க நான் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்ததும் நான்தான்.