யாரும் தூங்காத நேரம்

அலுவலகச் சுவரில் ஆறு அட்டைகள் ஒட்டியிருந்தன, எங்கள் செயலியை வாங்கக்கூடிய ஆறு வகை ஆட்களுக்கு ஆளுக்கொன்று. ஆறாவது அட்டை நான்.

படம் என்னுடையதல்ல. எங்கோ விலைக்கு வாங்கிய ஒரு தாடிக்காரனின் படம். பெயர்கூட ‘ராத்திரி ரஸ்’ என்றுதான் போட்டிருந்தது. கீழே எழுதியிருந்ததெல்லாம் நான் சொன்னது. அமெரிக்காவில் கொலம்பஸ் நகருக்குத் தெற்கே ஒரு கிடங்கில் ஒன்பது வருடம் இரவுப் பணி. ஓர் இரவுக்கு நான்கு டின் எனர்ஜி டிரிங்க். படுக்கையறை ஜன்னலில் அலுமினியத் தாள். காலையில் வீடு திரும்பும்போது சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி, அங்கேயே தூங்கிப்போனது. பின்னால் நின்றவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பினான். அன்றோடு வேலையை விட்டேன்.

இதைக் கேட்க அவர்கள் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் வேலை கொடுத்தார்கள். நன்றாகத் தூங்க உதவும் செயலி செய்கிற கம்பெனி. மொத்தம் ஒன்பது பேர். தூக்கம் கெட்ட ஒருவனின் குரல் உள்ளே இருக்க வேண்டும் என்றாள் தலைவி, மாரென் லிண்ட்குவிஸ்ட். அவள் தினமும் ஒன்பது மணி நேரம் தூங்குகிறவள். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

எனக்கு இரண்டு வேலைகள். கையில் பட்டை கட்டிக்கொண்டு தூங்கிப் பார்த்துக் குறை சொல்வது ஒன்று. செயலி பேசும் வாக்கியங்களை எழுதுவது மற்றொன்று. பட்டை உடலின் அசைவையும் நாடியையும் அளக்கும். செயலி நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடும். மதிப்பெண்ணுக்குக் கீழே என் வாக்கியம் வரும். எண்பதுக்கு மேல் வாங்கினால் ‘இன்று உங்கள் நாள்.’ நாற்பதுக்குக் கீழே போனால் சிவப்பு எழுத்தில் ‘உங்கள் உடல் இன்னும் விழிக்கவில்லை. இன்று வண்டியோ கனரக இயந்திரமோ ஓட்ட வேண்டாம்.’ இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு நான்கு நாள் உழைத்தேன். அந்தச் சிவப்பு விளக்குக்கு முன்னால் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். மாரென் அதை அலுவலகத்தில் உரக்க வாசித்துக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது மாதம் ஒன்றைக் கவனித்தேன். இரவு வேலையை விட்டும் என் உடம்பு பகலை விடவில்லை. விடுமுறை நாட்களில் காலை ஒன்பதுக்குப் படுத்து மூன்றுக்கு எழுவேன். ஆறு மணி நேரம் அடித்துப்போட்டது போலத் தூங்கினாலும் செயலி மூன்று மணி நேரம் என்றே காட்டியது. சிவப்பு எழுத்தில் என் வாக்கியத்தை எனக்கே சொன்னது.

நிரல் எழுதுகிற ஆஸியிடம் கேட்டேன். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

“ஒரு நாளை எங்கயாவது வெட்டணும்ல? நடுராத்திரில வெட்டினா எல்லாத் தூக்கமும் ரெண்டாப் போயிடும். அதனால பகல் பன்னெண்டுல வெட்டியிருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தூக்கம், இருக்கறதுல பெருசு எதுவோ அது. மிச்சமெல்லாம் குட்டித் தூக்கம், கணக்குல வராது.”

“பன்னெண்டு மணின்னு யாரு சொன்னது?”

“கூட்டத்துல கேட்டாங்க, யாருமே தூங்காத நேரம் எதுன்னு. எல்லாரும் ஒரே குரல்ல பகல் பன்னெண்டுன்னு சொன்னோம். நான் அப்ப சாண்ட்விச் தின்னுக்கிட்டு இருந்தேன்.”

“நான் தூங்கறது பன்னெண்டு மணிக்குத்தான்டா.”

“நீ அப்ப இல்லையே.” சிரித்தான். “எழுதிப் போடு, பாக்கலாம்.”

எழுதிப் போட்டேன். வாரக் கூட்டத்தில் என் சீட்டு வந்தபோது மாரென் கேட்டாள், “இந்த மாதிரி தூங்கறவங்க நம்மகிட்ட எத்தனை பேர், டாரல்?”

“நூத்துல நாலு பேர்” என்றேன்.

“அப்ப இது ஓரக் கேஸ்.”

ஓரக் கேஸ். எங்கள் தொழிலில் அது ஒரு சொல். பெரும்பாலோருக்கு நேராத சிக்கலுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரையும் திட்டுகிற சொல் இல்லை. அதனால்தான் எல்லோரும் அவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்.

“உங்களுக்குச் சரின்னு பட்டா பின்னாடி தள்ளிடலாம். நீங்கதான் அந்த ஆளுங்களுக்காகப் பேசறவர்” என்றாள். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வாரம். முரண்டு பிடிக்கிற கிடங்குக்காரன் என்று பெயரெடுக்க விருப்பமில்லை. எழுந்து போய் என் சீட்டைச் சுவரிலிருந்து பிரித்து ‘பிறகு’ என்ற வரிசையில் நானே ஒட்டினேன். வேறு யாரும் அதைத் தொடவில்லை.

செயலி சந்தையில் ஓடவில்லை. தூக்கம் வந்தவர்கள் இனி எதற்கு என்று அழித்தார்கள். வராதவர்கள் இதனால் என்ன பயன் என்று அழித்தார்கள். தனி ஆட்களை விட்டுவிட்டுக் கம்பெனிகளுக்கு விற்கலாம் என்று மாரென் முடிவு செய்தாள். ஊழியர் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிற கம்பெனிகள் எவை? இரவு முழுக்க ஓடுகிறவை. முதலில் கையெழுத்துப் போட்டது நான் ஒன்பது வருடம் இருந்த அதே கிடங்கு. இரவுப் பணியாளர் நானூறு பேர்.

அந்தப் பேச்சுவார்த்தைக்கு என்னையும் கூட்டிப்போனாள். “டாரல் இங்கயே வேலை பாத்தவர்” என்று தோளில் கை வைத்து அறிமுகப்படுத்தினாள். ஓரம் இப்போது நடுவாகிவிட்டது, அந்தச் சீட்டை எடுக்க வேண்டும் என்று அந்த அறையிலேயே எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தேன். என்னை ஒரு காலத்தில் கழிப்பறைக்குப் போன நேரத்தைக் கேட்டு அதட்டியவர்கள் எனக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து ரோஷெல் டாக்கெட் கூப்பிட்டாள். இரவுப் பணியில் ஏழு வருடம் என் பக்கத்து வாசலில் சரக்கு இறக்கியவள். காலை எட்டரைக்கு, அவள் வேலை முடிகிற நேரத்தில், நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றுண்டிக் கடையில் சந்தித்தோம். மெத்தென்ற ரொட்டி போன்ற பிஸ்கட்டும் கிரேவியும் வாங்கித் தொடாமல் வைத்திருந்தாள். இடது காலை எதிர் பெஞ்சில் என் பக்கத்தில் நீட்டியிருந்தாள். ஒரு தடவை சரக்கு மேடையிலிருந்து விழுந்து அந்த முட்டியில் தகடும் ஆறு திருகாணியும் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவளுக்கு உட்கார்ந்து ஓட்டிச் சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி கொடுத்திருந்தார்கள்.

“என்னடா, சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டிருக்கே. யாராவது செத்துட்டாங்களா?”

“ஆபீஸ் போகணும்.”

“போ போ. போறதுக்கு முன்னாடி இதைப் பாத்துட்டுப் போ.”

போனை மேசையில் தள்ளினாள். முப்பத்தெட்டு. சிவப்பு. என் வாக்கியம்.

“ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப எல்லாரும் நின்னு கையைக் காலை நீட்டுவோம்ல, அப்ப சூப்பர்வைசர் போனைக் காட்டச் சொல்றான். விருப்பம் இருந்தாதானாம். விருப்பம் இல்லன்னு எவன் சொல்லுவான்? தினம் எனக்குச் சிவப்பு. மொதல்ல சிரிச்சானுங்க. அப்புறம் அவன் படிச்சான், கனரக இயந்திரம் ஓட்ட வேண்டாம்னு. ‘ரோஷெல், இதைப் படிச்சப்புறம் உன்னை வண்டில ஏத்தி, எவன் காலையாவது நீ நசுக்கினா நான்தானே உள்ள போகணும்’ங்கறான். திங்கக்கிழமைலருந்து பேக்கிங்.”

“பேக்கிங்ல நிக்கணுமே.”

“பத்து மணி நேரம். முட்டி ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் நானா வேலையை விட்டுட்டு ஓடிருவேன். அவங்க அனுப்பின மாதிரி இருக்காது பாரு.” காபியைக் குடித்தாள். “நான் நல்லாத்தான்டா தூங்கறேன். எப்பவும் போல. ஆறு மணி நேரம். லீவு நாள்ல என் வீட்டுக்காரரு, நான் குறட்டை விடறேன்னு சோபாவுக்குப் போயிடறாரு. உன் மெஷினு மூணு மணி நேரம்ங்குது. ஏன்?”

சொன்னேன். பன்னிரண்டு மணி, வெட்டு, ஓரக் கேஸ், எல்லாம். சீட்டைத் தள்ளி ஒட்டியது நான் என்பதையும் சொன்னேன்.

அவள் தட்டைத் தள்ளிவிட்டுப் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அப்ப அந்தச் சிவப்பு எழுத்து யாரு எழுதினது?”

“நான்தான்.”

“நல்லா எழுதியிருக்கே. நானே பயந்துட்டேன்.” போனை எடுத்துக்கொண்டாள். “ஒரு லெட்டர் குடு. மெஷின் தப்புன்னு எழுதி. வேற ஒண்ணும் வேண்டாம். எனக்கு என் வண்டி வேணும், அவ்வளவுதான்.”

அலுவலகம் போனதும் மாரெனிடம் நேராகச் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள்.

“எழுத்துல குடுக்க முடியாது, டாரல். ஒருத்தருக்குத் தப்புன்னு எழுதினா நானூறு பேருக்கும் தப்புன்னு அர்த்தம்.”

“நானூறு பேருக்கும் தப்புதான்.”

“சரி பண்ணிடுவோம். இன்னிக்கே. ஆனா அது தப்பு இல்ல, மேம்பாடு. அந்த வார்த்தையை மட்டும் கவனமா வெச்சுக்கங்க.”

ஆஸி அன்று மாலைக்குள் சரி செய்துவிட்டான். பதினொரு வரி. இரண்டு துண்டுகளுக்கு நடுவே விழிப்பு இல்லையென்றால் ஒட்டிவிடு, அவ்வளவுதான். முடித்துவிட்டு அவன் என்னைப் பார்க்கவில்லை.

நான் சூப்பர்வைசருக்கு என் பெயரில் எழுதினேன். ‘கணக்கிடும் முறை மேம்படுத்தப்பட்டுள்ளது, பழைய மதிப்பெண்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.’ மேம்படுத்தப்பட்டுள்ளது என்றுதான் எழுதினேன். தப்பு என்று எழுதவில்லை. அவன் மோசமானவன் இல்லை. ரோஷெல் இரண்டு வாரம் வண்டியும் ஓட்டாமல் பேக்கிங்கிலும் நிற்காமல், ஸ்டூலில் உட்கார்ந்து லேபிள் சரிபார்க்கட்டும், அந்த இரண்டு வாரத்து அறிக்கையை அனுப்புங்கள், சராசரி அறுபதைத் தொட்டால் வண்டி அவளுக்கு என்று பதில் போட்டான். எனக்கு நியாயமாகப் பட்டது. அவளிடம் சொன்னேன். “அறுபதா? எண்பது எடுத்துக் காட்டறேன் பாரு” என்றாள்.

முதல் நாள் ஐம்பத்தொன்று. இரண்டாம் நாள் நாற்பத்து நான்கு. ஐந்தாம் நாள் முப்பத்தாறு.

கணக்கை நானே கையால் போட்டுப் பார்த்தேன். செயலி இப்போது சரியாகத்தான் எண்ணியது.

ஒன்பதாம் நாள் காலை பதினொன்றரைக்குக் கூப்பிட்டாள்.

“தூங்கலையா?” என்றேன்.

“கேக்கறான் பாரு. உன் பட்டையைக் கட்டிக்கிட்டு மல்லாக்க படுத்துக்கிட்டு இருக்கேன். திரும்பினா அசைவுன்னு எழுதிக்குமோன்னு திரும்பறது இல்ல. மூச்சுகூட எண்ணி எண்ணி விடறேன். காதுக்குள்ள நாடி அடிக்குதுடா. இத்தனை வருஷத்துல இப்படி ஆனதில்ல.”

“பட்டையை உன் வீட்டுக்காரர் கையில கட்டு.”

“அவரு பகல்ல வேலைக்குப் போயிருக்காரு. நாய்க்குக் கட்டிப் பாத்தேன். கடிச்சு வெச்சிருச்சு.” சிரிக்க முயன்றாள். வரவில்லை. “டாரல். இப்ப மெஷின் சரியா எண்ணுதா?”

“சரியா எண்ணுது.”

“நீ உள்ள போய் நம்பரை மாத்த முடியுமா?”

முடியும். அவளுடைய வரிசை என் திரையில் திறந்துதான் இருந்தது. ஐந்து இடத்தில் எண்ணை அடித்தால் சராசரி அறுபதைத் தாண்டும். ஆஸி பார்த்தாலும் சொல்லமாட்டான்.

“முடியும். மாத்தினா வண்டில ஏறுவியா?”

“பின்னே எதுக்குக் கேக்கறேன்?”

“மூணு ராத்திரியா நீ தூங்கலை, ரோஷெல்.”

“ராத்திரியா? எனக்கு ஏதுடா ராத்திரி? தூங்காம வண்டி ஓட்டினதில்லையா நாம? ஒம்பது வருஷம் ஓட்டினே. எவனையாவது கொன்னியா?”

“சிக்னல்ல தூங்கிட்டேன்.”

“அதுக்கு ஒரு கம்பெனி வேலை கெடைச்சது. எனக்கு உக்கார ஒரு வண்டி கெடைக்கக் கூடாதா?”

சரக்கு மேடைக்கு அடியில் குனிந்து பலகை பொறுக்குகிற ஆட்களை நினைத்தேன். அவள் முட்டியையும் நினைத்தேன். இரண்டையும் நினைத்தேன் என்பதற்காக யாரும் எனக்கு ஒன்றும் தரப்போவதில்லை.

“மாத்த மாட்டேன்” என்றேன்.

“தூக்கத்தைக் கெடுத்தது நீ. கெட்டுப்போச்சுன்னு சொல்றதும் நீ.” குரலில் கோபம்கூட இல்லை. “சட்டையைத் தேய்ச்சப்பவே நெனைச்சேன்.” வைத்துவிட்டாள்.

பதினான்காம் நாள் அறிக்கையை அனுப்பினேன். சராசரி நாற்பத்து மூன்று. செயலி தானாகப் போடுகிற கையெழுத்து வேண்டாம் என்று எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அதனால் ஏதாவது குறையும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. பத்து நிமிடத்தில் சூப்பர்வைசரின் பதில் வந்தது: நன்றி, இது முடிவெடுக்க மிகவும் உதவியாக இருந்தது. மாரென் அந்த வரியை வெட்டி எடுத்து அடுத்த கிடங்குக்குக் காட்டும் படங்களில் சேர்த்துக்கொண்டாள்.

ரோஷெல் பேக்கிங்கில் பதினாறு நாள் நின்றாள். பதினேழாம் நாள் அவள் பட்டையிலிருந்து எதுவும் வரவில்லை. மூன்று நாள் எதுவும் வராவிட்டால் செயலி ஒரு செய்தி அனுப்பும். அதையும் நான்தான் எழுதியிருந்தேன். நிறுத்தலாமா என்று பார்த்தேன். ஒருவருக்கு மட்டும் நிறுத்த வழி வைக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு அது போனது.

‘உங்களைக் காணோமே. நன்றாகத் தூங்குகிறீர்களா?’